சூளை பிரித்த மூன்றாம் நாள்: வயல் களிமண்ணில் போன நாலரை மாதம்

சூளை பிரித்து 31 சட்டிகளை வெளியே எடுத்த அன்று ஒன்றில்கூடக் கீறல் இல்லை. விரலால் சுண்டினால் கணீரென்று சத்தம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் வராண்டாவில் அடுக்கியிருந்த சட்டிகளுக்குக் கீழே உளுந்து அளவிலும் பொட்டுக்கடலை அளவிலும் சிவப்புச் சில்லுகள் சிதறிக் கிடந்தன. எலி தட்டிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. சட்டியைத் திருப்பிப் பார்த்தபோது அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. பத்தாம் நாளுக்குள் 31-ல் 27 போய்விட்டது. சிலவற்றில் மேல்தோல் மட்டும் தெறித்தது, சிலவற்றில் அடிப்பாகமே இரண்டாகப் பிளந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் மண் தோண்டியதிலிருந்து ஆகஸ்ட் நடுவில் சூளை போட்டது வரை நாலரை மாதம். டெம்போ வாடகை 2,800, தோண்ட வந்த இரண்டு பேர் கூலி 2,000, சாக்கு, தார்ப்பாய் 1,200, விறகும் கதம்பையும் (தேங்காய் உரிமட்டை) 4,500. ஆக 10,500 ரூபாய். காசைவிட, அந்த வெள்ளைப் புள்ளியை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு சாயா அரிப்பும் (டீ வடிகட்டி) இரண்டு ஸ்பூன் வினிகரும் போதும் என்று பிறகு தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை. கடையில் பாக்கெட் களிமண் வாங்காமல் சொந்தமாகத் தோண்டிச் சட்டி செய்ய நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கட்டும்.

முதலில் மண் கிடக்கும் இடம். குமரி மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் குளத்தை நம்பிய வயல்கள். அங்கே கறுப்பும் சாம்பலும் கலந்த, கையில் ஒட்டுகிற களிமண் கிடைக்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வெட்டுக்கல்லும் சரளும் கலந்த செம்மண். மேட்டில் அதைத் தோண்டிப் பிரயோஜனமில்லை. ஆனால் இரண்டு மேட்டுக்கு நடுவே இருக்கும் ஏலாக்களில் (பள்ளத்து வயல்களில்), மழை காலங்காலமாய் அரித்துக் கொண்டுவந்து படியவைத்த நைஸான மண் அடியில் இருக்கும். முன்பு நெல் விளைந்து இப்போது வாழையும் ரப்பரும் நிற்கிற இடங்களில், கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது குவித்துப் போடும் மண்ணைப் பாருங்கள். தோண்டும் கூலி மிச்சம், மண்ணின் அடுக்குகளும் கண்ணுக்கு நேராகத் தெரியும். பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பக்கம் வேறு சங்கதி. அந்தக் கறுப்புச் சேறு பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும், நிறைய உப்பு. அழுகிய முட்டை நாற்றம் வேறு அடித்தால் கந்தகமும் இருக்கிறது, விட்டுவிடுங்கள். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளங்கள் இரண்டும் 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே ஒரு சட்டி மண்கூட எடுக்க நினைக்காதீர்கள். மற்ற குளங்கள் நீர்வளத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும். மண்பாண்டத்துக்குக் களிமண் எடுக்க 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளில் வழி இருக்கிறது, தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பட்டா வயலாக இருந்தாலும் சொந்தக்காரர் சரி என்றதோடு நிற்காமல் வி.ஏ.ஓ. காதிலும் போட்டுவையுங்கள். டெம்போவில் மண் ஏறியதும் அது சட்டிக்கான மண்ணா வியாபாரத்துக்கான மண்ணா என்று வழியில் மறிப்பவருக்குத் தெரியாது.

தோண்டுகிற காலம் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழவு தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்கள். வயல் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பே முதல் தகவல். அகலமாக, ஆழமாக, ஓடு ஓடாகப் பிளந்திருந்தால் கீழே களி அதிகம். மேலே ஏரோடிய முக்கால் அடி மண்ணில் வைக்கோல் தாளும் வேரும் உரமும் கலந்திருக்கும், அதைத் தள்ளிவிட வேண்டும். அதற்கும் கீழே நிறம் மாறும் இடத்தில், மண்வெட்டி போட்டால் சவுக்காரக் கட்டியை வெட்டினதுபோல மினுமினுப்பாக முகம் காட்டுகிற அடுக்குதான் வேண்டியது. அந்த மினுமினுப்பில் மயங்கி ஒரே குழியிலிருந்து 12 சாக்கு நிறைத்ததுதான் நான் செய்த முதல் பிழை. ஈரக்களி சிமென்ட் சாக்கில் 40 கிலோவுக்குக் குறையாது. அரை டன் மண் வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சோதிக்கிற மனசே வராது. முதல் நாள் அங்கங்கே நாலைந்து குழி போட்டு, குழிக்கு இரண்டு கிலோ வீதம் தனித்தனிப் பையில், எங்கே எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று எழுதிக் கட்டிக் கொண்டுவந்தால் போதும். மிச்ச மண் ஓடிப் போகாது.

அந்த இரண்டு கிலோவை என்ன செய்வது? சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து பென்சில் கனத்துக்குத் திரித்து ஆள்காட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். உடையாமல் வளைந்தால் களி போதும், மேலே சின்னச் சின்னக் கீறல் விட்டால் சுமார், துண்டாக முறிந்தால் அது சட்டிக்கு ஆகாது. ஒரு சிட்டிகையை முன்பல்லில் வைத்துக் கடித்தால் மணல் எவ்வளவு என்று நாக்குக்கே தெரியும். அடுத்தது பாட்டில் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள், நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் மணல் படியும், இரண்டு மணி நேரத்துக்குள் வண்டல், களி படிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். இதில் ஒரு மோசடி உண்டு. உப்பு கலந்த மண்ணாக இருந்தால் களித் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு சடசடவென்று கீழே இறங்கி, கொஞ்ச நேரத்திலேயே மேல் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். களியே இல்லை என்று ஏமாந்து நல்ல மண்ணைத் தூக்கிப் போடுவோம், அல்லது உப்பைக் கவனிக்காமல் விடுவோம். சந்தேகம் வந்தால் ஒரு உருண்டையை வெயிலில் காயவைத்துப் பாருங்கள், விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் உப்புதான். லேசான உப்பென்றால் மண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மூன்று நான்கு முறை மாற்றிக் கொட்டினால் போய்விடும்.

அந்த வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பு. அதைச் சோதிக்க மண் கட்டி மேல் வினிகர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. நானும் விட்டேன், நுரைக்கவில்லை, நிம்மதியானேன். நிம்மதி தப்பு. நம் குளத்துப் பாசன வயல்களில் சுண்ணாம்பு மண் முழுக்கக் கரைந்து கிடப்பதில்லை, நத்தை ஓடாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. துண்டு இல்லாத இடத்தில் வினிகர் சொட்டினால் என்ன தெரியும்? சரியான முறை இது: அரைக் கிலோ மண்ணை வாளித் தண்ணீரில் கூழாகக் கரைத்து, சாயா அரிப்பில் ஊற்றி, தண்ணீர் விட்டு அலசி, அரிப்பில் தங்கும் சக்கையை ஒரு கறுப்புத் தட்டில் கொட்டி, அதன்மேல் வினிகர் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புத் துண்டு இருந்தால் சோடாவைத் திறந்ததுபோலக் குமிழ் ஏறும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். ஐந்து நிமிட வேலை.

பக்குவப்படுத்துவதில் எனக்கு மூன்று வாரம் வீணாகப் போனது, காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வயலிலிருந்து வந்த ஈரக்கட்டிகளை அப்படியே டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன், கரையும் என்று. பதினைந்து நாள் கழித்துக் கைவிட்டுப் பார்த்தால் வெளியே வழவழ, உள்ளே கட்டி அப்படியே இருந்தது. ஈரக்களி தண்ணீரை உள்ளே விடாது. முறை தலைகீழ்: கட்டியை முதலில் வெயிலில் எலும்பு மாதிரிக் காயவிட்டு, மரக்கட்டையால் தட்டி நெல்லிக்காய் அளவுக்கு நொறுக்கி, அதன் பிறகு தண்ணீரில் போட வேண்டும். முழுக்கக் காய்ந்த துண்டுக்குள் தண்ணீர் பாயும்போது உள்ளிருக்கும் காற்று குமிழ் விட்டு வெளியேறி, துண்டு கண் முன்னாலேயே பொலபொலவென்று உதிர்ந்து விழும். ஒரு பங்கு மண்ணுக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு இரவு. கிளறக் கூடாது, கிளறினால் பாதி கரைந்தது பசையாகித் திரண்டுவிடும். மறுநாள் நன்றாகக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டால் மணலும் கல்லும் அடியில் தங்கும், மேலே உள்ள தொளியை (கரைந்த சேற்றுக் குழம்பை) மட்டும் அடுத்த டிரம்முக்கு மாற்ற வேண்டும்.

மாற்றும்போது அரிப்பு வைக்க வேண்டும். நான் வைத்தது மணல் சலிக்கிற கம்பி வலை, கண் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். வேர் நின்றது, கல் நின்றது, நத்தை ஓட்டின் பெரிய துண்டும் நின்றது. அதன் பொடி எல்லாம் தாராளமாக இறங்கியது. 60 நம்பர் அரிப்பு என்றால் கண் கால் மில்லிமீட்டர், 80 நம்பர் அதைவிடச் சின்னது. சமையல் சட்டிக்கு 60 போதும், கிடைக்காவிட்டால் மைதா சலிக்கும் அரிப்பு. தொளி மோர் பதத்தில் தண்ணியாக இருந்தால்தான் இறங்கும், கெட்டியாக வைத்துக்கொண்டு கையால் தேய்த்தால் வலைதான் கிழியும். 30 கிலோ காய்ந்த மண்ணுக்கு இது ஒரு நாள் வேலை, முதுகு ஒடியும். அந்த ஒரு நாளுக்குச் சோம்பல் பட்டதற்குத்தான் மேலே சொன்ன கணக்கு.

அரித்த தொளி இரண்டு நாளில் படியும். மேல் தண்ணீரை ஓஸ் போட்டு இறக்கிவிட்டு, பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டால் நாலைந்து நாளில் தண்ணீர் இறங்கிப் பிசையும் பதம் வரும். செங்கல் பரப்பி அதன்மேல் துணி விரித்து ஊற்றினால் இன்னும் சீக்கிரம். பிறகு ஈரச் சாக்கு சுற்றி மூடி ஒரு மாதம் போட்டுவைக்க வேண்டும். நாற்றம் எடுக்கும், எடுக்கட்டும், மண் புளிக்கப் புளிக்க வளையும் குணம் கூடும். 30 கிலோவில் கைக்கு வருவது 18, 20 கிலோதான், கணக்குப் போடும்போது நினைவிருக்கட்டும்.

சுத்தமான குளத்துக்களி மட்டும் வைத்துச் சட்டி செய்தால் காயும்போதே கிழியும். எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க, பட்டையாக ஒரு துண்டு செய்து அதன்மேல் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டு, காய்ந்த பின் அளக்க வேண்டும். என் மண்ணில் 8.8 வந்தது, நூற்றுக்குப் பன்னிரண்டு சுருக்கம். பத்துக்கு மேல் போனாலே ஆபத்து. பழைய கூரை ஓட்டை இடித்து, ரவை பதத்தில் சலித்து, ஐந்துக்கு ஒரு பங்கு சேர்த்தபோது 9.3 சென்டிமீட்டருக்கு வந்தது. வெந்த ஓட்டுப்பொடி இனிச் சுருங்காது, மண்ணுக்குள் எலும்பு மாதிரி நின்று கொடுக்கும், அடுப்புச் சூட்டில் சட்டி விரியும்போதும் கீறலை ஓடவிடாமல் பிடிக்கும். ஆற்று மணலும் ஆகும். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பும் சிப்பிப் பொடியும் அதில் உண்டு, நம் கரையில் மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த கருமணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. சோறு பொங்கும் சட்டிக்குள் அது எதற்கு? மேற்கத்திச் செம்மண் ஏலாவின் நைஸ் மண் கிடைத்தால் குளத்துக்களி இரண்டுக்கு அது ஒன்று என்று கலக்கலாம். தனியாக வைத்தால் அது வளையாது, சூடும் அதிகம் கேட்கும். கலந்தால் இரண்டும் ஒன்றன் குறையை ஒன்று மறைக்கும்.

சட்டி செய்யும் முறையை இங்கே விரிக்கவில்லை, திரி வைத்து எழுப்பினாலும் சக்கரத்தில் இழுத்தாலும் மண் ஒன்றுதான். சொல்ல வேண்டியது சட்டியைக் காயவைப்பது பற்றி. ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைக் கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தலில் காற்றாலை சும்மாவா நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் நிழல் என்று நம்பித் திண்ணையில் வைத்த 40 சட்டியில் ஐந்து ஒரே மதியத்தில் வாய் விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் பிளந்தன. விளிம்பு மெலிசு, காற்றுப் பட்டதும் காய்ந்து சுருங்கும். அடி கனம், ஈரத்தில் அப்படியே நிற்கும். ஒன்று இழுக்க மற்றது வராமல் போனால் கிழியத்தானே செய்யும். விளிம்பைச் சுற்றி ஈரத்துணியோ பிளாஸ்டிக் பையோ கட்டி, முதல் மூன்று நாள் கதவடைத்த அறையில் கவிழ்த்து வைக்க வேண்டும். தோல் மாதிரி விறைத்த பதம் வந்த பிறகு நிமிர்த்தலாம். மேற்கே எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நேர் எதிர்த் தொல்லை, பத்து நாள் ஆனாலும் காயாது. கன்னத்தில் சட்டியை ஒட்டிப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் மிச்சம்.

அந்த மிச்ச ஈரம்தான் சூளையில் நான்கு சட்டியை வெடிக்க வைத்தது. உள்ளே மாட்டிய தண்ணீர் நூறு டிகிரியில் ஆவியாகி வெளியேற வழி இல்லாமல் சுவரை உடைத்துக்கொண்டு வரும், பட்டாசு மாதிரிக் கேட்கும். முதல் மூன்று மணி நேரம் தீ எரியவே கூடாது, கதம்பை புகைய வேண்டும், அவ்வளவுதான். சூளையின் மேல் துவாரத்தில் சில்வர் தட்டை ஒரு நொடி நீட்டிப் பாருங்கள், வியர்த்தால் இன்னும் ஈரம் வருகிறது, தீயைக் கூட்டாதீர்கள். தட்டு வியர்க்காமல் வந்த பிறகு சிரட்டை, ரப்பர் விறகு என்று ஏற்றலாம். என் சூளை எளிய சூளைதான்: கீழே விறகும் கதம்பையும் ஒரு முழ உயரம், மேலே சட்டிகள், இடுக்குகளில் சிரட்டை, அதன்மேல் உடைந்த ஓடு, அதன்மேல் ஒரு சாண் வைக்கோல், மேலே தொளி பூசிச் சுற்றிலும் துவாரம். இருட்டில் துவாரம் வழியாகப் பார்த்தால் சட்டி மங்கல் சிவப்பாகத் தெரிவது 650, 700 டிகிரி, பழுத்த செர்ரிச் சிவப்பு 750 முதல் 800, ஆரஞ்சு தட்டினால் 900-ஐ நெருங்குகிறது. செர்ரிச் சிவப்பில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும். ஆறும்வரை பிரிக்கக் கூடாது. 573 டிகிரியில் மணலின் படிகம் சட்டென்று சுருங்கும், அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் கீறல் நிச்சயம். பொறுமையில்லாமல் விடிவதற்குள் பிரிக்காதீர்கள்.

பொறுமையாகத்தான் பிரித்தேன். அதன் பிறகுதான் மூன்றாம் நாள் வந்தது. பக்கத்து ஊரில் மண்பாண்டம் வனையும் வேளார் பாட்டா ஒருவரிடம் இரண்டு சில்லையும் ஒரு சட்டியையும் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் நகத்தால் வெள்ளைப் புள்ளியைச் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, “மக்களே, இது மண்ணுக்க குத்தம் இல்ல, நத்தைக்க குத்தம். நீ சட்டியா சுட்ட? சுண்ணாம்புல்லா நீத்திருக்க!” என்றார். சிப்பியைக் காளவாயில் சுட்டு, அதன்மேல் தண்ணீர் தெளித்து நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நத்தை ஓடு 800 டிகிரியைத் தாண்டும்போது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து வந்ததும் காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து நீறும், நீறும்போது உப்பும், உப்புகிற வேகத்தில் மேலே இருக்கிற சுவரைத் தெறிக்க விடும். கடல் காற்று அடிக்கும் ஊரில் மூன்றே நாள். கோடை வறட்சியில் சுட்டிருந்தால் ஒரு மாதம் கழித்து, யாருக்காவது கொடுத்த பிறகு, மீன் குழம்போடு வெடித்திருக்கும்.

மிச்சமிருந்த ஆறு சாக்கு மண்ணைத் தூக்கிப் போடவில்லை. மறுபடி காயவைத்து, கரைத்து, 60 நம்பர் அரிப்பில் இறக்கினேன். கால் மில்லிமீட்டருக்குக் கீழான சுண்ணாம்புப் பொடி சட்டியைத் தெறிக்க வைக்கும் அளவுக்குப் பலமில்லாதது, வேகும்போது மண்ணோடு கலந்துவிடும். சூளையையும் செர்ரிச் சிவப்புக்கு மேல் ஏறவிடவில்லை, முதல் தடவை பெருமைக்காக ஆரஞ்சு வரை தள்ளியிருந்தேன். பிரித்ததும், கையால் தூக்கக்கூடிய வெதுவெதுப்பில் சட்டிகளை அண்டாத் தண்ணீரில் முழுக அமுக்கி ஆறு மணி நேரம் வைத்தேன். தண்ணீர் ஒரேயடியாக உள்ளே போனால் சின்னச் சின்னத் துண்டுகள் உப்பித் தள்ளாமல் குழைந்து அடங்கிவிடும், செங்கல் வேலையிலும் இது தெரிந்த வழிதான். நூற்றுக்கு அரை பங்கு உப்பைப் பிசையும்போதே சேர்ப்பதும் ஒரு வழி. சிப்பிப்பொடி கலந்து பானை செய்த பழைய சமூகங்கள் கையாண்டதாகச் சொல்லப்படும் முறை அது. ஆனால் மேலே வெள்ளை படரும், எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய ஓட்டுத் துண்டுக்கு முன்னால் இந்த மருந்து எதுவும் எடுபடாது, அரிப்புதான் ஒரே வழி.

இப்போது எந்த மண் வந்தாலும் விரல் நீளத்தில் ஐந்து துண்டு செய்து சுட்டு, குளியலறை ஜன்னல் திட்டில் ஈரக்காற்றுப் படும்படி இரண்டு வாரம் வைக்கிறேன். போன மாதம் இரணியல் பக்கத்துக் கிணற்று மண்ணில் நான்கு துண்டு சுத்தமாக இருந்தது. ஐந்தாவது, பதினோராம் நாள் இரவு ‘டிக்’ என்றது. அந்த மண்ணுக்கு 80 நம்பர் அரிப்பு வாங்கியிருக்கிறேன்.